பிவிண்டி கொரில்லா பெர்மிட்: 800 டாலருக்கு என்ன கிடைக்கிறது?

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லா பார்க்க, வெளிநாட்டவருக்கான பெர்மிட் 2024 ஜூலையிலிருந்து 800 டாலர். பக்கத்து ருவாண்டாவில் கொரில்லாவோடு அதே ஒரு மணி நேரத்துக்கு 1,500. இந்த வித்தியாசத்தைப் பார்த்து உகாண்டாவுக்குப் போவது சரியான கணக்குதான். ஆனால் மிச்சப்படும் காசுக்கு உடம்பு பதில் சொல்லும்: விமான நிலையம் இருக்கும் என்டெபியிலிருந்து பிவிண்டிக்குச் சாலை வழியாக எட்டு முதல் பத்து மணி நேரம், கடைசிப் பகுதி செம்மண் மலைப்பாதை. மழை பெய்தால் அது வழுக்குக் களிமண்ணாகிவிடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லாமல் அங்கே போக நினைக்க வேண்டாம்.

பூங்கா நுழைவு, வழிகாட்டி, கொரில்லாக் குடும்பத்துடன் ஒரு மணி நேரம், இவ்வளவுதான் பெர்மிட்டில் அடக்கம். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளில் 8 பேருக்குத்தான் இடம். 15 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை.

நிறைய பேர் அடிவாங்கும் இடம் வாசல் தேர்வு. காடு ஒன்றுதான், நுழைவிடம் நான்கு: வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகா, ன்குரிங்கோ. வரைபடத்தில் எல்லாம் அடுத்தடுத்து இருப்பதுபோல் தெரியும். வண்டியில் காட்டைச் சுற்றிப் போனால் புஹோமாவிலிருந்து ருஷாகாவுக்குப் பல மணி நேரமாகும். காலையில் எட்டு மணிக்குள் விளக்கக் கூட்டத்துக்கு வந்துவிட வேண்டும். பெர்மிட் ருஷாகாவில், அறை புஹோமாவில் என்றால் அந்த 800 டாலரை மறந்துவிட வேண்டியதுதான். மலிவான பேக்கேஜ்களில் இந்தக் குளறுபடி அடிக்கடி நடக்கிறது. பெர்மிட்டில் எந்த வாசல் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகுதான் அறைக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு புஹோமா. 1993இல் சுற்றுலா தொடங்கியது இங்கேதான், தங்குமிடங்களும் எல்லா விலையிலும் உண்டு. மரமேறும் சிங்கங்களுக்குப் பேர்போன இஷாஷா சமவெளியைப் பார்த்துவிட்டு அப்படியே வந்துவிடலாம். ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் இறங்கி எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு ருஷாகாதான் பக்கம். மனிதரைக் கண்டு மிரளாதபடி பழக்கப்படுத்தப்பட்ட கொரில்லாக் குடும்பங்களும் இங்கேதான் அதிகம், அதனால் கடைசி நேரத்தில் பெர்மிட் கிடைக்க வாய்ப்பும் இங்கேதான் கூடுதல். ருஹிஜா உயரமான இடம், குளிர் எலும்பைத் தொடும். பறவை பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும். ன்குரிங்கோவில் காட்சி அபாரம், ஆனால் மலைமுகட்டிலிருந்து செங்குத்தாக இறங்கிவிட்டு அவ்வளவையும் திரும்ப ஏற வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நடை எவ்வளவு தூரம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கொரில்லாக்கள் ஒவ்வொரு இரவும் புதுக் கூடு கட்டிப் படுப்பவை. டிராக்கர்கள் விடியற்காலையில் முந்தைய நாள் விட்ட இடத்துக்குப் போய், அங்கிருந்து தடம் பிடித்து வழிகாட்டிக்குத் தகவல் சொல்வார்கள். அரை மணியிலும் பார்க்கலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். வயதானவர்களும் நடக்கச் சிரமப்படுபவர்களும் ஆட்களைக் குழுவாகப் பிரிப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் கொரில்லாக் குடும்பத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள், உத்தரவாதம் கிடையாது. சளி, இருமல் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நமக்குச் சாதாரண ஜலதோஷம், கொரில்லாவுக்கு உயிருக்கே ஆபத்து. முகக்கவசமும் 10 மீட்டர் இடைவெளியும் அதற்காகத்தான்.

போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 20 டாலர். பை சுமப்பது பாதி வேலைதான். சேற்றுச் சரிவில் கையைப் பிடித்து மேலே இழுத்துவிடுவதும் அவர்தான். தோட்ட வேலைக்கான தடித்த கையுறை அவசியம், ஏனென்றால் சறுக்கும்போது கை தானாகப் பற்றுவது பெரும்பாலும் காஞ்சொறி மாதிரி அரிக்கும் செடியைத்தான். பேன்ட்டின் அடியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். சாரை சாரையாகப் போகும், கடிக்கும் சியாஃபு எறும்புகள் கால்வழியே ஏறினால் நடுக்காட்டில் ஆடை அவிழ்க்க வேண்டிவரும். குடிக்க இரண்டு லிட்டர் தண்ணீர், மதியத்துக்குக் கட்டுச்சோறு. ஒதுங்க வேண்டுமென்றால் வழிகாட்டி 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டித் தருவார், மூடிவிட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நொடிகூட வீண் இல்லை. சில்வர்பேக், அதாவது முதுகு நரைத்த பெரிய ஆண், ஒரு தண்டை இழுத்து, பல்லால் நார் உரித்து, உள்ளே இருக்கும் மெதுவான வெள்ளைப் பகுதியைக் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். குட்டிகளுக்கு 10 மீட்டர் விதி தெரியாது, பக்கத்தில் வந்தால் நாம்தான் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். பெரிய ஆண் பாய்வதுபோல் வந்தால் ஓடக் கூடாது. குனிந்து, கண்ணைப் பார்க்காமல் இருந்தால் போய்விடும். ஃபிளாஷ் தடை. மரநிழல் இருட்டு என்பதால் கேமராவில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 3200 வரை ஏற்றத் தயாராக இருங்கள்; 70-200 லென்ஸ் தாராளம், 600 எம்எம் வெறும் சுமை.

குறை என்றால் இரண்டு. எட்டுப் பேரும் ஒரே இடுக்கில் நிற்கும்போது முன்வரிசைக்காரர் நகர மாட்டார், எல்லா வழிகாட்டிகளும் அவரை நகர்த்துவதும் இல்லை. ஒரு மணி நேரம் போதாது என்பவர்களுக்கு ருஷாகாவில் நான்கு மணி நேரத் திட்டம் உண்டு. விலை இரண்டு மடங்குக்கும் மேல். கொரில்லா மீது தீராத ஆசை உள்ளவர்களுக்கு மட்டும் அது.

மாதம் பார்த்தால் ஜூன் முதல் ஆகஸ்ட், டிசம்பர் முதல் பிப்ரவரி நல்லது. மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டும். டாலர் நோட்டுகள் புதிதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும், பழைய வரிசை நோட்டை வாங்க மாட்டார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள், அதனால் அசல் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.