விண்ணப்பக் கட்டுரைக்கு உதவி என்று 85,000 ரூபாயைப் பிடுங்கினார்கள், கவனம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைத் தயவுசெய்து வாசியுங்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு கட்டடத்தின் மாடியில் இயங்கும் கல்வி ஆலோசனை நிலையம். பெயர் போடவில்லை. என் தங்கச்சி உயர்தரம் முடித்துவிட்டு அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிறாள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான கொமன் ஆப் என்ற இணைய விண்ணப்பத்தில் 650 சொற்களுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். பெறுபேறு நன்றாக இருந்தும் இந்தக் கட்டுரைதான் அவளைப் பயமுறுத்தியது. நல்ல மாதிரிகள் சில பார்க்க வேண்டும், அனுபவமுள்ள ஒருவர் வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். இரண்டும் தங்கள் பெக்கேஜில் உண்டு என்றார்கள். 85,000 ரூபாய்.

அங்கிருந்த சேர் முதலில் காசைப் பற்றி வாயே திறக்கவில்லை. தங்கச்சியிடம் அவளைப் பற்றிக் கேட்டார். புறக்கோட்டையில் எங்கள் அம்மப்பாவுக்கு ஒரு இரும்புக்கடை இருக்கிறது. லீவு நாட்களில் அவள்தான் அங்கே கணக்கு எழுதுவாள். அம்மப்பாவுக்குக் காது மந்தமான பிறகு, வருகிறவர்கள் கேட்பதை அவர் காதருகே குனிந்து திருப்பிச் சொல்வதும் அவள்தான். ஆணியை நிறுத்துக்கொண்டே விலையைச் சொல்லி, சில்லறையையும் எண்ணிக் கொடுப்பாள். இதையெல்லாம் அவர் ஒரு கொப்பியில் எழுதி எழுதிக் கேட்டார். “இதுதான் மகள் உங்கட கதை, வேற ஒன்றும் தேட வேண்டாம்” என்றார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! படியிறங்கும்போதே நான் தொலைபேசியில் காசை அனுப்பினேன்.

முதலில் வந்தவை மாதிரிக் கட்டுரைகள். பாதிக்கு மேல் பிரித்தானியாவுக்கு எழுதியவை. அதுவும் 4,000 எழுத்துகளில் ஒரே கட்டுரையாக எழுதும் பழைய முறை. 2026 அனுமதியிலிருந்து, பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஏற்கும் யூகாஸ் அமைப்பு அதை மாற்றி மூன்று கேள்விகளாகக் கேட்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு, “எல்லாம் ஒன்றுதானே மிஸ்” என்று பதில்.

சரி, எடிட்டர் பார்ப்பார்தானே என்று தங்கச்சி தானே எழுதிய கடைக் கதையை அனுப்பினாள். திரும்பி வந்ததில் அவள் எழுதிய ஒரு வரி இல்லை. விடிய எழும்பி வீட்டு வாசலில் குவிந்த பனியை அள்ளும்போது அம்மம்மாவின் பொறுமையைப் புரிந்துகொண்டாளாம்! நுவரெலியாக் குளிருக்கு மேல் எதையும் கண்டிராத பிள்ளை. ‘அம்மம்மா’ என்ற சொல் மட்டும் வேறு எழுத்துருவில், மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. யாரோ ஒரு பிள்ளையின் கட்டுரையில் அந்த ஒரு சொல்லை மாற்றி எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். தங்கச்சி வாசித்து முடித்துவிட்டு, “அப்ப அந்தக் கொப்பியில் என்னத்த அக்கா எழுதினவர்?” என்று கேட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அவள் அதை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொமன் ஆப்பில் எல்லாம் தன் சொந்த ஆக்கம் என்று கையொப்பமிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடத்தையும் பறித்துவிடுவார்கள். யூகாஸிலும் ஒரே மாதிரி எழுதியவற்றைக் கணினி பிடித்துவிடும். மாட்டியிருந்தால் அந்த சேரா வந்து பதில் சொல்வார்?

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. எடிட்டர் அமெரிக்காவில் இருக்கிறார், நேர வித்தியாசம் என்றார்கள். சேர் கண்டிக்குப் போய்விட்டார் என்றாள் முன்மேசைப் பிள்ளை. வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழும், பதில் வராது. நேரில் போய் நின்றபோது, பெக்கேஜ் காசு திருப்பித் தரப்படமாட்டாது, வேண்டுமானால் விசா வேலைக்குக் கழித்துத் தருகிறோம் என்றார்கள். 85,000 ரூபாய், ஒரு சதம் திரும்பவில்லை. இந்த இழுபறியில் முன்கூட்டியே விண்ணப்பிப்பதற்கான நவம்பர் 1 இறுதித் திகதியும் கடந்துபோய்விட்டது.

எங்கே என்ன கிடைக்கும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில. மாதிரிக் கட்டுரைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் தான் அனுமதித்த மாணவர்களின் கட்டுரைகளை, ஏன் பிடித்தது என்ற குறிப்போடு தன் தளத்தில் இலவசமாகப் போடுகிறது. அமெரிக்கா என்றால் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்க அரசின் எடியுகேஷன்யூஎஸ்ஏ கல்வி ஆலோசனை இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். “எழுதித் தருகிறோம்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முழுக்காசையும் முதலிலேயே கட்டாதீர்கள். பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கள்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், அவர்களின் இலக்கம் 1977. இதே மாடியில் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து கொடுப்போம்.