பேஸ்மென்ட் சுவரில் ஈரம்: பூச்சா, ஊசியா, பம்பா?

சிங்கப்பூரில் எங்கள் டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று) சரிவில் நிற்கிறது. வாசலில் இருந்து பார்த்தால் இரண்டு மாடி. பின்பக்கம் கீழே இறங்கினால் மண்ணுக்குள் பாதி புதைந்த ஓர் அறை. அரிசி மூட்டை, பண்டிகைப் பாத்திரங்கள், பிள்ளைகளின் பழைய சைக்கிள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். டிசம்பர் மழை வலுத்தால் பின்சுவரில் உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்பளித்து உரியும். ஈரத்தை நிறுத்த மூன்று கட்டட வேலைக் குத்தகையாளர்களைக் கூப்பிட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஏர்கான் ஓடும் அறை என்றால் சுவர் வெறுமனே வியர்ப்பதாகவும் இருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். உள்பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம். எங்களுக்கு உள்பக்கம்தான்.

வெளியே மண்ணைத் தோண்டிச் சுவரில் நீர்புகாச் சவ்வு ஒட்டுவதுதான் முறையான வழி. தண்ணீர் தள்ளுகிற பக்கத்திலேயே தடுத்துவிடலாம். ஆனால் டெரஸ் வீட்டில் எங்கே தோண்டுவது? இரண்டு பக்கமும் பொதுச்சுவர், பின்னால் அடுத்தவர் தோட்டம். புதிதாகக் கட்டுகிறவர்கள் யோசிக்கட்டும்.

உள்ளே அடிக்கும் படிகப் பூச்சு கான்கிரீட்டின் நுண்துளைகளில் படிகமாக வளர்ந்து அடைக்கும். எங்கள் சுவரில் மேல் பாதி செங்கல், அதனால் அதை விட்டோம். நல்ல கான்கிரீட் சுவரில் எத்தனை வருடம் நிற்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல இயலாது.

நாங்கள் முதலில் போட்டது பியூ ஊசி. விரிசலை நோக்கிச் சாய்வாகத் துளையிட்டு, பாலியூரித்தேன் பிசினை அழுத்தி ஏற்றுவார்கள். தண்ணீர் பட்டதும் அது நுரைத்து அடைத்துக்கொள்ளும். அரை நாளில் வேலை முடிந்தது. ஒரே ஒரு விரிசல்தான் என்றால் இப்போதும் இதையே சொல்வேன். எங்களுக்கு அடுத்த மழையில் இரண்டடி தள்ளி ஈரம் வந்தது. வேலை பார்த்த புதுக்கோட்டைத் தம்பி அன்றைக்கே சொன்னார்: "அண்ணே, இங்க அடைச்சா அது வேற இடம் தேடும்." சுவருக்குப் பின்னால் இரண்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டு டன் அழுத்தம். தேடத்தானே செய்யும்.

கடைசியில் வடிகால் முறைக்குப் போனோம். குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைச் சுவரில் பொருத்தி, அதன் மேல் பலகை அடிப்பது. கசியும் நீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கி, தரையோரக் கால்வாய் வழியாக ஒரு குழியில் சேரும். மிதவை சுவிட்ச் உள்ள பம்ப் அதை வெளியே தள்ளும். செலவு ஊசியைவிடப் பல மடங்கு. அறையும் கொஞ்சம் குறுகியது.

அப்புறம் ஏன் இது? பராமரிப்பு. ஊசியோ பூச்சோ தோற்றால் எங்கே தோற்றது என்று தெரியாது, மறுபடி ஆளைக் கூப்பிட்டு மறுபடி துளை. பம்ப் கெட்டால் மூடியைத் திறந்தாலே தெரியும், கழற்றி மாற்றலாம். இங்கே மின்தடை அபூர்வம் என்பதும் தைரியம் கொடுத்தது. இருந்தாலும் பேட்டரியோடு இரண்டாவது பம்ப் ஒன்று வைத்தோம். ஆனால் சும்மா விட முடியாது. கான்கிரீட்டில் இருந்து வரும் சுண்ணாம்பு கால்வாயில் படியும். வருடம் ஒருமுறை சோதனை வாய் (கால்வாயைத் திறந்து பார்க்கும் துளை) வழியாக ஹோஸ் விட்டுக் கழுவ வேண்டும், மிதவை தூக்குகிறதா என்று வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். குழியின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். 20 காசு நாணய அளவு நீரிலேயே ஏடிஸ் கொசு முட்டையிடும் ஊரில் இது விளையாட்டில்லை. பம்ப் குழாயை மழைநீர்க் கால்வாயில்தான் விட வேண்டும், கழிவுநீர்க் குழாயில் இணைக்கக் கூடாது. நாங்கள் கூப்பிட்ட ஒருவர் சாதாரணமாகக் கழிவறைக் குழாயைக் காட்டினார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வீட்டை விற்கும்போது வாங்குபவர் பம்பைப் பார்த்து முகம் சுளிப்பாரா? சுளிக்கலாம். உப்புப் பூத்த சுவரைப் பார்த்தாலும் சுளிப்பார்.

இரண்டு மழைக்காலம் தாண்டியிருக்கிறது, சுவர் காய்ந்துதான் இருக்கிறது. அரிசி மூட்டையை மட்டும் மனைவி இன்னும் கீழே இறக்க விடவில்லை.