தூண்டில் ராடின் நுனிக்கு எந்தப் பசை? ஹாட் குளூவா, அரால்டைட்டா?

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பாறைமேல் நின்று தூண்டில் போடுபவர்களுக்கு ராடில் முதலில் அடி வாங்குவது நுனி வளையம்தான். கல்லில் இடிக்கும், பைக்கில் கொண்டுபோகும்போது வளையும். என் ராடின் நுனியில் பீங்கான் வளையம் கீறியிருந்தது. பார்வைக்குத் தெரியவில்லை, துளைக்குள் பஞ்சை விட்டுச் சுழற்றினேன், ஒரு இழை மாட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கீறல் தூண்டில் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். சரி, புது வளையம் வாங்கியாயிற்று. எதை வைத்து ஒட்டுவது?

ஃபெவிகுவிக் வேண்டாம். கைடுகளோடு, அதாவது ராடு நெடுக நரம்பு போகும் மற்ற வளையங்களோடு, நேர் பார்ப்பதற்குள் பிடித்துவிடும், இடிபட்டால் விட்டும் விடும்.

மிச்சம் எபாக்ஸி பசையான அரால்டைட்டும், சூட்டில் இளகி ஒட்டும் ஹாட் குளூவும். பிடிமானத்தில் அரால்டைட்டுக்குத்தான் முதலிடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் நுனி வளையம் என்றைக்காவது மாற்ற வேண்டிய பொருள். அரால்டைட்டை இளக்க நன்றாகச் சூடேற்ற வேண்டும். கார்பன் ராடே எபாக்ஸி பிசினில் இறுகியதுதான். பசை இளகும் அளவு சூடு காட்டினால் ராடும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. நுனியோ வைக்கோல் தடிமன். நூறு ரூபாய் வளையத்துக்காக ராடைப் பணயம் வைப்பானேன்?

அதனால் நான் ஹாட் குளூ கட்சி. பசைக் குச்சியில் சிறு துண்டை லைட்டரில் இளக்கி ராடு நுனியில் தடவுங்கள். வளையத்தின் குழாயை இடுக்கியில் பிடித்து லேசாகச் சுடவைத்துச் செருகி, கைடுகளோடு ஒரே கோட்டில் வருகிறதா என்று அடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்துத் திருப்புங்கள். தீயை ராடில் காட்டவே கூடாது. பிதுங்கிய பசை ஆறியதும் நகத்தால் உரித்தால் வந்துவிடும். பிறகு கழற்ற வேண்டுமென்றால் கொதிக்கும் வெந்நீரில் நுனியைக் கொஞ்ச நேரம் வைத்தால் போதும், இழுத்ததும் வரும்.

குறை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ராடைப் போட்டுவிட்டுப் போனால் பசை இளகி வளையம் திரும்பக்கூடும். அப்புறம், நான் சொல்வதெல்லாம் ஜிலேபி மீனுக்கும் ரோகுக்கும் போடும் ராடு அளவில்தான். ஒகேனக்கல் ஓட்டத்தில் பெரிய வாளை மீனை இழுக்கும் கனத்த ராடில் நான் ஹாட் குளூ போட்டதில்லை.

ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டுக்கு வந்தால் கதையே வேறு. அதைக் கழற்றும் வேலை வராது, முழு இழுவையும் அங்கேதான் விழும். அங்கே மெதுவாக இறுகும் அரால்டைட்தான். அவசர ரகம் வேண்டாம், சரிபார்த்துத் திருப்ப நேரம் தராது. ராடை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மாஸ்கிங் டேப்பை இடைவெளி விட்டுப் பட்டை பட்டையாகச் சுற்றி, அந்த இடைவெளிகளிலும் பசையை நிரப்புங்கள். வெறும் டேப்பின் மேல் ரீல் சீட் உட்கார்ந்தால் ஒரு நாள் சுழல ஆரம்பிக்கும். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க ராடைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.