பழவேற்காட்டில் இரண்டு வருட வாடகை வாழ்க்கை: உப்புக்கு யார் செலவு செய்வது?

2023 ஜூனில் பொன்னேரியிலிருந்து, ஆந்திர எல்லையோரம் உப்பு நீர் ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டுக்கு வீடு மாறினோம். ஆறு வீடுகள் கொண்ட சின்ன அடுக்குமாடி. எங்களுடையது இரண்டாவது மாடி. ஹால், இரண்டு ரூம், ஏரியைப் பார்த்து ஒரு பால்கனி. வாடகை 7,500. பொன்னேரியில் கிட்டத்தட்ட இதே பணத்துக்கு எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பால்கனியில் நின்ற அம்மா, "இங்கேயே இருந்துடலாம்பா" என்றார். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஜூலை 14 மதியம் சந்திரயான்-3 ஏவியபோது கட்டடமே மொட்டைமாடியில் இருந்தது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் நெருப்பு எழும்பி மேகத்துக்குள் மறைந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்தது. கீழ்வீட்டு அக்கா அழுதுவிட்டார். அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு, எங்களிடம் தமிழ். எல்லைப்புற ஊரில் இது யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை.

ஆறாவது மாதத்திலிருந்து உப்பு வேலையைக் காட்டியது. போர்வெல் தண்ணீர் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிந்து ஒரே வருடத்தில் போய்விட்டது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்தான். காற்றிலும் உப்பு. வாடை வீசும் மாதங்களில் காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். பிரிட்ஜின் பின்பக்கம், கேஸ் ஸ்டவ்வின் கால்கள், மகளின் சைக்கிள் செயின் என்று ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தது. ஏசியின் வெளி யூனிட்டில் தகடுகள் தொட்டால் உதிர்ந்தன. இவையெல்லாம் நம் பொருள், நம் செலவு. ஏரியோரம் குடிவருகிறவர்கள் வாடகையோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் 2024 கோடையில் ஹால் கூரையிலிருந்து ஒரு பெரிய பூச்சுத் துண்டு விழுந்தது. அம்மா உட்காரும் நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி. மேலே பார்த்தால் கம்பி தெரிகிறது, ஊதிப்போய், செதில் செதிலாக. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கவைக்கும். துரு பருத்து, அடியில் இருக்கும் பூச்சைத் தள்ளிவிடும். மேலே சிமெண்ட் பூசி மறைத்தால் தீராது. துருவைச் சுரண்டி, கம்பிக்கு ரசாயனப் பூச்சு கொடுத்து, பிறகு பூச வேண்டும்.

ஹவுஸ் ஓனர், "குடியிருக்கிறவங்கதான் பார்த்துக்கணும், போன ஆளும் அப்படித்தான் பண்ணினார்" என்றார். எனக்கு உடம்பு நடுங்கியது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று அதன் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. மூன்று வாரம் இழுத்தடித்தார். கடைசியில் செய்துகொடுத்தார்.

இன்னொன்று செப்டிக் டேங்க். இங்கே நிலத்தடி நீர் மிக மேலே நிற்கிறது. மழைக்காலத்தில் டேங்க்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண் உறிஞ்சாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தள வீட்டின் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து வந்தது. அந்தக் குடும்பம் நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்கியது. தரைத்தளம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். வீடு பார்க்க வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை வந்து பாருங்கள்.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால், அரசு தரும் இலவச யூனிட் உங்கள் கைக்கு வராது.

இத்தனைக்குப் பிறகும் ஏன் இருக்கிறோம்? விடியற்காலையில் படகுகள் திரும்பும்போது அம்மாவே இறங்கிப் போய் இறாலோ பச்சை நண்டோ வாங்கிவருகிறார். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதைப் 'பாடு' என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்றைக்கு யாருடைய பாடு, எங்கே நல்ல மீன் என்பதெல்லாம் அம்மாவுக்கு இப்போது அத்துப்படி. தை மாதம் தண்ணீர் வற்றும் இடங்களில் பூநாரைகள் நிற்கின்றன. மகள் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லில் செதுக்கிய மண்டை ஓடுகளை நோட்டில் வரைந்துகொண்டு வருகிறாள்.

இந்த ஜூனில் மூன்றாவது ஒப்பந்தம் எழுதினோம். "உப்பரிப்பால் கூரை, தூண், ஜன்னல் கம்பி, பால்கனிக் கைப்பிடியில் வரும் பழுது உரிமையாளர் செலவு" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். ஓனர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். துருப்பிடித்த பால்கனிக் கைப்பிடியை ஆடி மாதம் முடிந்ததும் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அதில் சாயக் கூடாது என்று மகளிடம் சொல்லி, கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.