பிராக் நகரத்தைப் படமெடுக்க எந்த லென்ஸ்? சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஐரோப்பாவின் பழைய நகரம் ஒன்றுக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது மிக அகலமான காட்சியைப் பிடிக்கும் அல்ட்ரா வைடு லென்ஸைத்தான். தெரு குறுகல், கோபுரம் உயரம், தேவாலயம் பெரிது. எல்லாம் ஒரே ஃபிரேமுக்குள் வர வேண்டுமே என்ற கவலை. செக் குடியரசின் தலைநகர் பிராக் விஷயத்தில் என் அனுபவம் வேறு மாதிரி. நான் வசிப்பது ஜெர்மனியின் டிரெஸ்டனில். எல்பே ஆற்றை ஒட்டியே போகும் ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் பிராக் போய்விடலாம். அதனால் கோடை, பனிக்காலம் என்று எல்லாப் பருவத்திலும் ஒரே பையோடு அங்கே போய்வருகிறேன். இத்தனை நாளில் அதிகம் உழைத்த லென்ஸ் எது என்று கேட்டால், யோசிக்காமல், தூரத்தை அருகே இழுக்கும் டெலி ஜூம் என்பேன்.

பையில் இருப்பவை இவைதான்: ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-எஸ்10 பாடி, 23 எம்எம் எஃப் 2, 14 எம்எம் எஃப் 2.8, 55-200 எம்எம் ஜூம் (எம்எம் கூடக்கூடக் காட்சி குறுகிப் பெரிதாகும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்). பாடி 465 கிராம், லென்ஸ்கள் முறையே 180, 235, 580 கிராம். எல்லாம் சேர்த்தும் ஒன்றரைக் கிலோவைத் தொடவில்லை. பழைய ஃபிலிம் அளவான ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்பதால் ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள்: 23 என்பது ஃபுல் ஃபிரேமில் 35 எம்எம் பார்வை, 14 என்பது 21, ஜூம் ஏறக்குறைய 85 முதல் 300 வரை. நாள் முழுக்கக் கருங்கல் பாவிய தெருக்களில், பாதி நேரம் மேட்டிலும் படிக்கட்டிலும் நடக்கிற ஊருக்கு இந்த எடை தோளுக்குச் சுகம்.

டெலி ஏன் என்பதற்குப் பதில் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. வல்டாவா ஆறு நகரத்தின் நடுவே வளைந்து ஓடுகிறது. இந்தக் கரையில் பழைய நகரம், அந்தக் கரையில் மாலா ஸ்ட்ரானா என்ற பழைய பகுதி, அதற்கு மேலே குன்றின்மீது கோட்டையும் புனித வீட்டஸ் பேராலயமும். சுற்றிலும் பெட்ரின், லெட்னா, விஷெஹ்ராட் என்று உயரமான இடங்கள். ஆக, பிராக்கைப் பெரும்பாலும் நாம் ஒரு கரையிலிருந்து மறுகரையைப் பார்க்கிறோம், அல்லது உயரத்திலிருந்து கீழே பார்க்கிறோம். இரண்டிலும் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 14 எம்எம் வைத்தால் பாதி வானம், பாதி தண்ணீர், நடுவில் கோட்டை ஒரு மெல்லிய கோடு. அதே இடத்தில் 90 அல்லது 100 எம்எம் வைத்துப் பாருங்கள். சிவப்பு ஓட்டுக் கூரைகள், பச்சைக் குவிமாடம், கூம்புக் கோபுரம், அதற்குப் பின்னால் இன்னொரு கோபுரம் என்று ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வந்து நிற்கும். இந்த அடுக்குதான் பிராக். வைடு லென்ஸ் அதைப் பிரித்துப் போட்டுவிடுகிறது, டெலி சேர்த்துக் கொடுக்கிறது.

லெட்னா பூங்காவில் ஹனாவ்ஸ்கி மண்டபம் இருக்கிறது. 1891 கண்காட்சிக்காகக் கட்டியது. அதன் பக்கத்திலிருந்து தெற்கே பார்த்தால் ஆற்றின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். 55-இல் தொடங்கி 90 வரைக்கும் நல்ல படங்கள் கிடைக்கின்றன. நடுப்பகலில் எதிர்வெளிச்சம் அடித்துப் படம் வெளுத்துப்போகும். மாலையில் மேற்கிலிருந்து வரும் பக்கவெளிச்சத்துக்காகக் காத்திருங்கள். விஷெஹ்ராட் கோட்டைச் சுவர் நேர்மாறு. அங்கிருந்து கோட்டை வடமேற்கில், பல கிலோமீட்டர் தள்ளித் தெரியும். காலை வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும்போது 200 எம்எம் முழுசாக வேண்டியிருக்கிறது. கோடை மதியத்தில் அந்தத் தூரத்துக்குக் கானல் அசைவு வந்துவிடும், எந்த விலை லென்ஸாக இருந்தாலும் கூர்மை வராது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் அந்த இடத்துக்கு உரிய நேரம்.

மாலா ஸ்ட்ரானாவில் புனித நிக்கோலஸ் தேவாலயத்தை ஒட்டிய மணிக்கூண்டில் ஏறலாம். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் ரகசியப் போலீஸ் அங்கே உட்கார்ந்து அக்கம்பக்கத்துத் தூதரகங்களை வேவு பார்த்தது. அவர்கள் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மேலே போனதும் புரிந்துவிடும்; நாலா பக்கமும் முற்றங்கள் வரை தெரிகிறது. கூட்டம் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தை விடக் குறைவு. நின்று நிதானமாக எடுக்கலாம்.

சரி, சார்லஸ் பாலத்துக்கு வருவோம். போஹீமிய அரசர் நான்காம் சார்லஸ் காலத்தில் 1357-இல் தொடங்கிய பாலம், நீளம் 516 மீட்டர், இருபுறமும் 30 சிலைத் தொகுதிகள். இன்று அங்கே நிற்கும் சிலைகளில் பல நகல்கள். பகலில் அங்கே கேமராவைத் தரைமட்டத்துக்கு நேராகப் பிடித்தால் முதுகுகளும் செல்ஃபி குச்சிகளும்தான் கிடைக்கும். டெலி அங்கேயும் கைகொடுக்கிறது. சற்று மேல்நோக்கி, சிலையின் இடுப்புக்கு மேல் வானத்தோடு வெட்டி எடுத்தால் கூட்டம் ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். விடியலில் மாலா ஸ்ட்ரானா முனையிலிருந்து கிழக்கே பார்த்து எடுப்பது என் விருப்பம். சிலைகள், பழைய நகரத்துப் பாலக் கோபுரம், பக்கத்துத் தேவாலயத்தின் குவிமாடம் எல்லாம் கரிய நிழலுருவாக நிற்க, பின்னால் வானம் மட்டும் நிறம் மாறும். வானத்துக்கு எக்ஸ்போஷர் (ஒளியளவு) வைத்து, நிழலைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். அந்தக் கல் வெயிலிலேயே கறுத்துத்தான் தெரியும். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படத்தில்) இழுத்து நிழலைத் திறந்தால் படத்தின் உயிர் போய்விடுகிறது.

விடியல் என்றால் எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம். பிராக் 50 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூனில் சூரியன் காலை 5 மணிக்கு முன்பே எழுந்து இரவு 9 மணி தாண்டித்தான் மறையும். டிசம்பரில் காலை 8 மணி வாக்கில் உதயம், மாலை 4 மணிக்கே இருட்டு. கோடையில் தூக்கத்தைத் தியாகம் செய்தால் பாலம் ஏறக்குறைய உங்களுடையது. குளிர்காலத்தில் நன்றாகத் தூங்கி எழுந்து, காலைச் சாப்பாட்டையும் முடித்துவிட்டு விடியலைப் பிடிக்கலாம். சில நாளில் ஆற்றுமேல் மூடுபனியும் இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது அக்டோபர் கடைசி, நவம்பர். வெளிச்சம் நாள் முழுக்கத் தாழ்வாக, சாய்வாக விழுகிறது, இலைகளும் பழுத்திருக்கும்.

இனி உள்ளரங்கம். வீட்டஸ் பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1344-இல், முடித்தது 1929-இல். நடுக்கூடத்தின் உயரம் 33 மீட்டர். கோட்டை வளாகத்தின் உள்ளரங்கங்களில் ஃபிளாஷும் டிரைபாடும் கூடாது. இங்கேதான் 14 எம்எம் தன் இடத்தைச் சம்பாதிக்கிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மேலே சாய்க்காமல் நேராக வைத்தால் தூண்கள் உள்பக்கம் சரியாது. கீழே வரும் தரையையும் தலைகளையும் பிறகு வெட்டிக்கொள்ளலாம். மேல்நோக்கிச் சாய்த்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் நிமிர்த்தும்போது ஓரங்களில் தரம் இழுபடும்.

பாடியில் உள்ள ஐபிஸ் (சென்சாரை அசைத்துக் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) உறுதிப்படுத்தல்தான் இங்கே டிரைபாடின் வேலையைச் செய்கிறது. 1/8 நொடியில், மூச்சை அடக்கி மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக வருகிறது. அதனால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800-ஐத் தாண்ட வேண்டிய தேவை எனக்கு அபூர்வம். எஃப் 1.4 லென்ஸுக்குக் காசு போடலாமா, ஐபிஸ் உள்ள பாடிக்குப் போடலாமா என்று குழம்புகிறவர்களுக்கு, கட்டடங்கள்தான் உங்கள் ஆர்வம் என்றால் பாடிக்கே போடுங்கள். கட்டடம் அசையாது, உங்கள் கைதான் அசைகிறது. எஃப் 1.4-இல் கூர்மையாகத் தெரியும் ஆழமும் போதாது.

செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வடிவமைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் பேராலயத்தின் வடபுறச் சிற்றாலயம் ஒன்றில் இருக்கிறது. கேமராவை அதன் போக்கில் விட்டால் இருண்ட சுவரைப் பார்த்து எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும், கண்ணாடியின் நீலமும் சிவப்பும் வெளிறிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமராவின் ஒளிக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் 1.7, சில நேரம் மைனஸ் 2 வரை இறக்குகிறேன். அதிலும் டெலியை எடுத்து முகங்களை மட்டும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். முழு ஜன்னல் எல்லோரிடமும் இருக்கிற படம்.

அந்தப் பேராலயத்தின் கடைசிக் கட்ட வேலைகளை 1920-களில் படமெடுத்தவர் ஜோசஃப் சுடெக். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு பெரிய மரக் கேமராவையும் முக்காலியையும் சுமந்து இந்த ஊரை ஒரு ஆயுள் முழுக்கப் படமெடுத்தார். பின்னாளில், பழைய கோடாக் பனோரமா கேமரா ஒன்றைக் கையிலெடுத்தார். அதன் நெகட்டிவ் 10-க்கு 30 சென்டிமீட்டர். நீளம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. அந்தப் படங்களைப் பார்த்த பிறகு நானும் ஆற்றங்கரைக் காட்சிகளை ஒன்றுக்கு மூன்று விகிதத்தில் வெட்டிப் பார்க்கத் தொடங்கினேன். வானமும் தண்ணீரும் தேவையில்லாமல் ஃபிரேமை அடைக்கும் அந்தப் பிரச்சினை அப்படியே தீர்ந்தது. 26 மெகாபிக்சலில் வெட்டினால் மிச்சம் கொஞ்சம்தான் என்பதால், 55 எம்எம்-இல் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஐந்தாறு படம் எடுத்து மென்பொருளில் ஒன்றாகத் தைத்துக்கொள்கிறேன். உஜேஸ்ட் தெருவில் அவருடைய மரத்தாலான சிறு ஸ்டூடியோவை மறுபடி கட்டிக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். பிராக்குக்குக் கேமராவோடு போகிற யாரும் அதைத் தவறவிடக் கூடாது.

இரவுக்கு 23 எம்எம் போதும். சார்லஸ் பாலத்தின் விளக்குகள் இப்போதும் எரிவாயுவில் எரிகின்றன. அந்த மஞ்சளை ஆட்டோ வொயிட் பேலன்ஸ் (நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு) துடைத்துவிடாதபடி நான் பகல்வெளிச்ச அமைப்பிலேயே வைத்து எடுக்கிறேன். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினால் கால் நொடி வரை தாங்கும். நடக்கிறவர்கள் மங்கிப்போவார்கள், கல் கூர்மையாக நிற்கும். டிரைபாட் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு தகவல்: மானெஸ் பாலத்திலும் லெஜியன் பாலத்திலும் டிராம் ஓடுகிறது. அது கடக்கும்போது பாலமே அதிரும். டிராம் போய் அதிர்வு அடங்கிய பிறகு ஷட்டரை அழுத்துங்கள். மெட்ரோ ஏ வழித்தடத்தின் பழைய நிலையங்களில் குழியும் குமிழுமாக வண்ண அலுமினியத் தகடுகள் சுவர் முழுக்கப் பதித்திருக்கும்; எனக்குக் கோட்டைக்கு இணையாகப் பிடித்த இடம் அது. சத்தம் வரக் கூடாதென்று எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் செயற்கை விளக்கில் பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டரே அங்கே சரி.

எக்ஸ்-எஸ்10 பாடிக்கு மழைக் காப்பு கிடையாது, கார்டு போட ஒரே இடம், பேட்டரி கணக்குப்படி 325 படம். மூன்றுக்கும் நான் பழகிவிட்டேன். மழைக்கு ஒரு பெரிய ஜிப் கவர். தினமும் இரவில் படங்களை ஒரு சிறு எஸ்எஸ்டிக்கு மாற்றுவது. இரண்டு உபரி பேட்டரி. ஜனவரிக் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். உபரியை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரிலிருந்து சூடான காஃபிக் கடைக்குள் நுழையும் முன் கேமராவை அந்த ஜிப் கவருக்குள் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் கவரின் வெளியே படியும், லென்ஸில் படியாது. அரைமணி கழித்துத் திறந்தால் போதும்.

அப்புறம், 22-ஆம் எண் டிராமிலும் பழைய நகரத்து வானியல் கடிகாரத்தின் முன்னும் ஜேப்படிக்காரர்கள் உண்டு. மணியடித்துப் பொம்மைகள் வரும்போது எல்லோர் கண்ணும் மேலே இருக்கும், அதுதான் அவர்களுக்கு வேலை நேரம். குறுக்கே மாட்டும் சின்னப் பை, வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்தது, இதுதான் என் வழக்கம்.

இன்று புதிதாக வாங்குகிறவர்கள் எக்ஸ்-எஸ்20-ஐப் பாருங்கள். எடை கிட்டத்தட்ட அதேதான், பெரிய பேட்டரி என்பதால் ஒரு சார்ஜில் கிடைக்கும் படங்கள் இரண்டு மடங்குக்கு மேல். வேறு கம்பெனி கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால் அதை மாற்றவே வேண்டாம். 35-க்கு நிகரான ஒரு சின்ன பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்), 300 வரை போகும் எடை குறைந்த ஒரு டெலி, இவ்விரண்டையும் சேர்த்துக்கொண்டாலே பிராக்கின் பெரும்பகுதிக்குப் போதும். தேவாலய உள்ளரங்கங்களும் ஸ்டிராஹோவ் மடத்து நூலகமும்தான் உங்கள் முதல் ஆர்வம் என்றால் மட்டும் டெலியை விடுதியில் வைத்துவிட்டு வைடை எடுத்துப் போங்கள். நூலகக் கூடங்களை வாசலில் நின்றபடிதான் பார்க்க முடியும், படமெடுக்கத் தனிக் கட்டணமும் உண்டு; டிக்கெட் வாங்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.