ஊடுதெரியும் திரை: ஓஎல்இடியா, எல்சிடியா?

பழைய நீர்வண்ண ஓவியம் ஒன்று. ஒரு செடியை வேரோடும் பூவோடும் வரைந்திருக்கிறார்கள். அதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், பெட்டியின் முன்கண்ணாடியே திரையாக இருக்க வேண்டும். ஆள் வந்து நின்றதும் இதழ், மகரந்தத்தாள், வேர்முடிச்சு என்று ஓவியத்தின் மேலேயே கோடுகள் எழும்ப வேண்டும். இதுதான் எனக்கு வந்த வேலை. ஊடுதெரியும் எல்சிடி, ஊடுதெரியும் ஓஎல்இடி என்ற இரண்டு வகைத் திரைகளையும் இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் வாங்கியது ஓஎல்இடி. ஆகவே இது நடுநிலையான அலசல் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

வழக்கமான கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். விலையில் எல்சிடி மலிவு. மெலிவிலும், பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது நிறம் மாறாமல் இருப்பதிலும் ஓஎல்இடி மேல். இவற்றில் எதுவும் என் முடிவை அசைக்கவில்லை. அசைத்தது, திரைக்குப் பின்னால் எவ்வளவு வெளிச்சம் தேவை என்பது.

எல்சிடிக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னாலிருந்து வருவதை வடிகட்டுவது மட்டுமே அதன் வேலை. சாதாரண டிவியில் அந்த ஒளி திரைக்குப் பின்னால் உள்ள விளக்கிலிருந்து, அதாவது பேக்லைட்டிலிருந்து, வரும். ஊடுதெரியும் வகையில் பேக்லைட்டைக் கழற்றிவிடுகிறார்கள், அதன் இடத்தைப் பெட்டிக்குள் இருக்கும் விளக்குதான் நிரப்ப வேண்டும். அந்த ஒளியில் பாதிக்கு மேல், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் என்ற படலத்திலேயே போய்விடுகிறது. மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வண்ண வடிகட்டி விடும். கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்வது 10 முதல் 15 சதவீதம். ஓஎல்இடியின் கதை வேறு. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது, ஒளிராத இடம் வெறும் சன்னல். நான் வாங்கிய 55 அங்குலப் பலகை சுமார் 40 சதவீத ஒளியை விடுகிறது.

காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம்தான் என்பது அருங்காட்சியக வழக்கம். அந்த வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதம் 13 நிட்ஸ் (கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு) அளவுக்குத்தான் பிரகாசிக்கும். எல்சிடி வழியாகப் பார்த்தால் அது 2 நிட்ஸுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எல்சிடி காட்டக்கூடிய வெள்ளையும் அதே 2 நிட்ஸ்தான், அதற்கு மேல் போக வழியே இல்லை. முதல் நாள் திரையை இயக்கிவிட்டு, இணைப்பு சரியில்லை என்று அரை மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். உண்மையில் திரை வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

விளக்கைக் கூட்டலாமே என்று தோன்றும். ஓஎல்இடிக்குப் பின்னால் 50 லக்ஸில் ஓவியம் எவ்வளவு தெரிகிறதோ, அதே அளவு எல்சிடி வழியாகத் தெரிய 150 லக்ஸ் வேண்டும். நிறம் வெளிறுவது, ஓவியம் மொத்தமாக வாங்கிக்கொண்ட வெளிச்சத்தின் கணக்கு. மூன்று வருடம் வாங்க வேண்டியதை ஓவியம் ஒரே வருடத்தில் வாங்கிவிடும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபின் எல்சிடியைப் பற்றி மேலே பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இந்த 40 சதவீதத்தைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். 1996-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டிய முதல் ஊடுதெரியும் ஓஎல்இடி, அணைந்திருக்கும்போது 70 சதவீதம் வரை ஒளியை விட்டது. வழக்கமான ஓஎல்இடியில் பின்பக்கம், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பிவிடும் உலோகப் படலம் இருக்கும். அவர்கள் மெக்னீசியம்-வெள்ளிக் கலவையைச் சில நானோமீட்டர் மெலிவாகப் படியவைத்து, மேலே மின்சாரம் கடத்தும், ஒளியும் ஊடுருவும் இண்டியம் டின் ஆக்சைடைப் பூசினார்கள். அடுத்த வருடமே சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியும் காட்டினார்கள். கடைக்கு வந்த பலகைகளோ நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கின்றன. ட்ரான்சிஸ்டரும் கம்பிகளும் வேறு இடம் கேட்கின்றன. அதனால் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு பகுதிதான் சன்னல். மூக்கு உரசுகிற தூரத்தில் நின்றால் கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் தெரியாது.

ஓஎல்இடி என்னைத் திணறடித்தது நிறத்தில். அது ஒளியைக் கூட்டும், கழிக்காது. கறுப்பு என்று அனுப்பினால் அங்கே எதுவுமே இருக்காது. பழுப்பு வேரைக் காட்ட முயன்றேன், மங்கலான ஆரஞ்சுக் கறைதான் வந்தது. பச்சை இலை மேல் பச்சைக் கோடு போட்டால் கோடு காணாமல் போகிறது. கடைசியில் எல்லாவற்றையும் வெள்ளையும் இளநீலமுமாக மாற்றினேன். 2024-ல் சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சியில் எல்ஜி காட்டிய 77 அங்குல ஊடுதெரியும் டிவியில், பின்னால் சுருண்டு எழும் ஒரு கறுப்புப் படலத்தை வைத்திருந்தார்கள். கறுப்பு வேண்டுமென்றால் திரைச்சீலை போடத்தான் வேண்டியிருக்கிறது!

ஒளி கொஞ்சம் பின்பக்கமும் கசியும். ஓவியத்தின் இடத்தில் லக்ஸ்மீட்டரை வைத்துவிட்டு முழுத் திரையையும் வெள்ளையாக்கினால் எண் ஏறுகிறது. அதனால் முழு வெள்ளையைத் தவிர்த்து, மெல்லிய கோடுகளோடு நிறுத்திக்கொண்டேன். ஒரே படம் நெடுநேரம் நின்றால் திரையில் அதன் தடம் பதிந்துவிடும், அதை பர்ன்-இன் என்பார்கள். அந்தப் பயத்தில் எழுத்துகளைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை இம்மி நகர்த்துகிறேன், ஆள் இல்லாதபோது திரை தானே அணைகிறது. ஒன்றரை வருடமாகத் தழும்பு எதுவும் இல்லை. ஆனால் என் திரை நாளில் பாதி நேரம் அணைந்தே கிடக்கிறது, நாள் முழுக்க ஒரே சின்னத்தைக் காட்டுபவர்கள் என் அனுபவத்தை நம்பி இறங்க வேண்டாம்.

பகல் வெளிச்சம் பாயும் கூடத்தில் இதே ஓஎல்இடி தோற்றுவிடும். பின்னால் பளீரென்று இருந்தால் அதன் கோடுகள் வெளிறிப்போகும். எல்சிடிக்கு அந்த வெளிச்சம்தான் சாப்பாடு. ஆறு மாதம் முன்பு ஒரு பித்தளைக் கடிகாரப் பொறி பெட்டிக்கு வந்தது. பித்தளைக்கு வெளிச்சம் ஒரு பொருட்டில்லை. முதலில் முழுக் கறுப்பு, பிறகு நடுவில் ஒரு வட்டம் திறந்து சக்கரங்கள் தெரிய வேண்டும் என்றார்கள். யோசிக்காமல் எல்சிடி வாங்கி, பெட்டிக்குள் நாலு விளக்குப் பட்டைகளை ஒட்டினேன்.