ஹெட் மாற்றியதாகச் சொன்னார்கள், மூடியையே திறக்கவில்லை: டேட்டா ரெக்கவரிக்குக் கொடுக்கும் முன் கவனம்

பழைய ஹார்ட் டிஸ்க்கை டேட்டா ரெக்கவரிக்குக் கொடுக்கப் போகிறீர்களா? ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். சென்னையில் உள்ள ஒரு கடை எங்களிடம் 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஓடவிட்டு, "ஹெட் மாத்தியாச்சு" என்று கூசாமல் பொய் சொன்னது. (ஹெட் என்பது டிஸ்க்குக்குள் சுழலும் தகட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் சின்ன முனை.) பணம் போனதுகூடப் பரவாயில்லை. டிஸ்க்கை முன்பைவிட மோசமாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள், அதுதான் ஆறவில்லை.

டிஸ்க் என் சித்தப்பாவுடையது. கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. 2012-ல் வாங்கிய 1 டிபி டிஸ்க் அது. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று ஊரில் பாதிப்பேர் அதற்குள் இருந்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் 2016 மகாமகம். கல்யாணப் படங்களுக்காவது அந்தந்த வீட்டில் ஆல்பம் இருக்கும். மகாமகக் குளக்கரையில் எடுத்தவற்றுக்கு இன்னொரு பிரதி இருந்த டிஸ்க் முன்பே போய்விட்டது. திரும்ப எடுக்கலாம் என்றால் அடுத்த மகாமகம் 2028-ல்.

கொடுக்கும்போது டிஸ்க்கில் டக் டக் சத்தம் எதுவும் இல்லை. சில ஃபோல்டர்கள் நன்றாகத் திறந்தன. சிலவற்றைக் காப்பி செய்தால் பாதியில் அப்படியே நின்று கம்ப்யூட்டரையும் சேர்த்து உறைய வைத்தது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறம், 'காஷன்', அதாவது எச்சரிக்கை. 197-ஆம் எண்ணில் வரும் 'கரண்ட் பென்டிங் செக்டர்' எகிறியிருந்தது. டிஸ்க் படிக்க முடியாமல் திணறி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கை அது. (அந்த மென்பொருள் 'ரா வேல்யூ' என்ற அந்த எண்ணிக்கையை, எழுத்தும் எண்ணும் கலந்த ஹெக்சாடெசிமலில்தான் முதலில் காட்டும். செட்டிங்கில் சாதாரணப் பத்தடிமான எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீணாகக் குழம்புவீர்கள்.) அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். மேலும் கிண்டாமல் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கின் லேபிளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

கடை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. போட்ட, கண்ணாடிக் கதவு வைத்த அலுவலகம். போனில் கேட்டபோது 4,500 ரூபாய், டேட்டா வராவிட்டால் காசே வேண்டாம் என்றார்கள். டிஸ்க் கைக்குப் போன பிறகு பேச்சு மாறியது. "ஹெட் போயிடுச்சு சார். கிளீன் ரூம்ல வச்சு மாத்தணும். டோனர் டிஸ்க் வாங்கணும், 22,000 ஆகும்." (கிளீன் ரூம் என்பது தூசி இல்லாத அறை. டோனர் என்பது ஹெட்டைக் கழற்றி எடுப்பதற்காக வாங்கும் அதே மாடல் டிஸ்க்.) வேண்டாம், டிஸ்க்கைக் கொடுத்துவிடுங்கள் என்றால் இன்ஸ்பெக்ஷன் சார்ஜ் 3,000 கட்டச் சொன்னார்கள். சித்தப்பா, "போனாப் போகுதுடா, படம் வந்தாப் போதும்" என்றார். பாதித் தொகையை ஜிபே செய்தோம். சில நாளில் வாட்ஸாப்பில் செய்தி: "ஹெட் மாத்தியாச்சு சார், 92% டேட்டா வந்துடுச்சு, ஒரு லட்சத்துக்கு மேல ஃபைல்." மீதியையும் கட்டி, புது டிஸ்க்கில் போட்டுக் கொடுத்ததை வாங்கி வந்தோம்.

வீட்டில் திறந்து பார்த்தால் சித்தப்பா வருடவாரியாக, ஊர்வாரியாக வைத்திருந்த ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. 'ரெகப்_டிர்.1', 'ரெகப்_டிர்.2' என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் 'எஃப்' எழுத்தும் அதன் பின்னால் நீளமாக ஓர் எண்ணும்தான் பெயர். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஒரு முறை பயன்படுத்தியவர்களுக்குக்கூட இது சட்டென்று அடையாளம் தெரியும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று டிஸ்க் வைத்திருக்கும் பட்டியலை, அதாவது ஃபைல் சிஸ்டத்தை, அது பார்ப்பதில்லை. எங்கே ஒரு ஜேபெக் படத்தின் தொடக்கம் போலத் தெரிகிறதோ அங்கிருந்து அள்ளும். அதனால் பழைய பெயரும் ஃபோல்டரும் வராது, அந்த இடத்தின் எண்ணையே பெயராக வைத்துவிடும். நல்ல மென்பொருள்தான், அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஃபோல்டர்கள் திறந்துகொண்டிருந்த டிஸ்க்குக்கு அதை மட்டும் ஓட்டுவது சோம்பேறித்தனம், அதற்கு 22,000 வாங்குவது திருட்டு.

ஒரு லட்சம் ஃபைல் கணக்கும் பிறகு புரிந்தது. 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் ஃபைல்கள் ஏராளம். கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதித்து வைக்கும் குட்டிப் படங்களை, அதாவது தம்ப்நெயில்களை, தனியே பிடுங்கிப் போட்டது அது. தபால்தலை அளவுப் படங்களை எண்ணிக் கூட்டி 92% காட்டியிருக்கிறார்கள். பெரிய படங்களில் பலவற்றுக்கு மேல் பாதி வானமும் கோபுரமுமாக வருகிறது, கீழ்ப் பாதி வெறும் சாம்பல்.

சரி, ஹெட் மாற்றியது? பழைய டிஸ்க்கை மேசையில் வைத்துப் பார்த்தேன். 3.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு மூடியின் ஓரத்தில் தெரியும் ஸ்க்ரூக்கள் போக, ஹெட் தாங்கும் கை சுழலும் இடத்துக்கு நேர் மேலே இன்னொரு ஸ்க்ரூ லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். லேபிளைக் கிழிக்காமலோ, குத்தாமலோ, உரிக்காமலோ அதைக் கழற்ற முடியாது. விரலால் லேபிளைத் தடவினால் அந்த இடம் சின்னக் குழியாகத் தட்டுப்படும். எங்கள் டிஸ்க்கில் அந்தக் குழிக்கு மேலே தாள் முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கொடுக்கும் முன் எடுத்த படத்தில் ஓரத்தில் இருந்த சுருக்கம்கூட அதே இடத்தில். மூடியே திறக்காமல் எந்தக் கிளீன் ரூமில் எந்த ஹெட்டை மாற்றினார்கள்? கழற்றிய ஹெட்டையும் டோனர் டிஸ்க்கையும் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்று பதில்.

அடுத்து ஸ்கிரீன்ஷாட். மறுபடி அதே மென்பொருளைப் போட்டு, கொடுக்கும் முன் எடுத்ததோடு ஒப்பிட்டேன். டிஸ்க் மொத்தம் ஓடிய நேரத்தைச் சொல்லும் 'பவர் ஆன் ஹவர்ஸ்' நூறு மணி நேரத்துக்கு மேல் கூடியிருந்தது, பென்டிங் செக்டர் பல மடங்காகியிருந்தது. இமேஜ், அதாவது முழு நகல் எடுக்காமல், சாகக் கிடக்கும் டிஸ்க்கிலேயே நேராக மென்பொருளை நாள்கணக்கில் ஓட்டியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்த நிலையில் உள்ள டிஸ்க்கில் முதல் வேலை, அதை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. டிடிரெஸ்கியூ போன்ற இலவசக் கருவிகூட நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக் கடைசியில்தான் அவற்றிடம் போகும். தேடுவது, அள்ளுவது எல்லாம் நகலின் மேல் நடக்க வேண்டும். விண்டோஸில் டிஸ்க் பிழைகளைச் சரிசெய்ய இருக்கும் செக்டிஸ்க்கை ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அது அசல் டிஸ்க்கிலேயே எழுதும் என்பதால், டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிறகு பெங்களூரில் ஓர் இடத்துக்கு அனுப்பினோம். அவர்கள் மூடியைத் திறக்கவே இல்லை. ஹெட்களில் ஒன்று நலிந்துவிட்டது, மற்றவை படிக்கும் பகுதியை முதலில் எடுத்துவிடுகிறோம், ஹெட் மாற்றுவது கடைசி வழி என்றார்கள். முடித்ததும், அவர்கள் கம்ப்யூட்டர் திரையை நம் வீட்டிலிருந்தே பார்க்க உதவும் எனிடெஸ்க் வழியாக நான் சொன்ன படங்களை என் கண்முன் திறந்து காட்டிய பிறகே பணம் கேட்டார்கள். பழைய ஃபோல்டர் பெயர்கள் அப்படியே வந்தன. மகாமகப் படங்களில் பாதிக்கு மேல் கிடைத்தது. மீதி, முதல் கடை ஓட்டிய அந்த நூறு மணி நேரத்தில் போயிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் சீரியல் நம்பர், டிஸ்க்கின் உடல்நிலை விவரம் ('ஸ்மார்ட்') உள்ள ஸ்கிரீன்ஷாட், லேபிளின் நெருக்கமான படம் மூன்றும் கையில் இருக்கட்டும். டிஸ்க்கே எழும்பாவிட்டால் லேபிள் படமாவது. இன்ஸ்பெக்ஷனுக்குப் பணம் உண்டா, வேண்டாம் என்றால் டிஸ்க் சும்மா திரும்புமா, முதலில் இமேஜ் எடுப்பார்களா என்பதை வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது காற்றோடு போகும். எங்களுக்குக் கிடைத்த ரசீதில் ஜிஎஸ்டி எண்கூட இல்லை. கைகொடுத்தது "ஹெட் மாத்தியாச்சு சார்" என்ற அந்த ஒரு செய்திதான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னைக்கு அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புகார் போன பிறகு கடைக்காரர் சித்தப்பாவைக் கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறேன், கூகுளில் போட்ட ரிவ்யூவை எடுத்துவிடுங்கள் என்றிருக்கிறார். சித்தப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். விஷயம் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை.